ஆட்சியைக் கவிழ்க்கலாம், பத்திரத்தைக் கிழிக்கக் கூடாது

1851 டிசம்பர் 2 காலையில் ஷார்ல் தெ மோர்னி பிரான்சின் உள்துறை அமைச்சகத்துக்குள் நுழைந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறார். அதற்குள் படுக்கையில் இருந்த எதிர்க்கட்சித் தலைவர்களைப் போலீஸ் எழுப்பி வண்டியில் ஏற்றியாகிவிட்டது. நாடாளுமன்றக் கட்டடத்தில் பட்டாளம் நிற்கிறது. அரசியல் சட்டத்தைக் காப்பதாகச் சத்தியம் செய்த ஜனாதிபதி லூயி நெப்போலியன் அதையே குப்பையில் போட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பாரிஸ் வீதிகளில் வேடிக்கை பார்க்க நின்றவர்களையும் சேர்த்துச் சுட்டார்கள். இத்தனைக்கும் மோர்னியின் கை நடுங்கவில்லை. ஆனால் 51 நாள் கழித்து, 1852 ஜனவரி 22 அன்று, அதே மனிதர் பதவியை விட்டு விலகுகிறார். காரணம், நாட்டைவிட்டு ஓடிப்போன பழைய அரச குடும்பத்தின் சொத்தை எடுத்துக்கொள்வதாக ஜனாதிபதி போட்ட ஆணை. சட்டம் செத்ததைச் சகித்தவருக்குச் சொத்து போனதைச் சகிக்க முடியவில்லை.

இதற்குப் புத்தகங்களில் வழக்கமாகக் கிடைக்கும் விளக்கம் விசுவாசம். மோர்னி அந்தப் பழைய அரச குடும்பமான ஓர்லெயான் வம்சத்தின் இளவரசர்களோடு பழகியவர், அவர்கள் ஆட்சியில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், அந்த நன்றியை மறக்க மனம் வரவில்லை என்பார்கள். இது எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை. நன்றிக்காக நாற்காலியை விடுகிற ஆள் இவர் இல்லை. அவர் பிறந்த விதத்தையும் பிழைத்த விதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு கணக்கு தெரிகிறது.

ஒரு பிறப்புப் பதிவு

தாய் ஓர்தான்ஸ் தெ பொஆர்னே. முதலாம் நெப்போலியனின் மனைவி ஜோசஃபீனுக்கு முதல் திருமணத்தில் பிறந்த மகள். நெப்போலியனின் தம்பி லூயியைக் கட்டிக்கொண்டு ஹாலந்துக்கு ராணியானவர். தந்தை ஷார்ல் தெ ஃப்ளாஓ என்ற குதிரைப்படை அதிகாரி. இந்த ஃப்ளாஓவே பேருக்கு ஒரு பிரபுவின் மகன். உண்மையில் தலெய்ரானுக்குப் பிறந்தவர் என்பது பாரிஸ் முழுக்கத் தெரிந்த இரகசியம். ஆக மோர்னிக்குத் தாய்வழியில் ஒரு பேரரசி பாட்டி, தந்தைவழியில் அந்தக் காலத்தின் மிகப் பெரிய இராஜதந்திரி தாத்தா. இதில் எதையும் காகிதத்தில் எழுத முடியாது என்பதுதான் சிக்கல்.

ஏன் முடியாது என்பதற்கு 1804-இன் சிவில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பிரிவு 312: மணவாழ்க்கையில் உண்டான குழந்தைக்குத் தந்தை கணவனே. பிரிவு 335: தகாத உறவில் பிறந்த குழந்தையை யாரும் தன் குழந்தை என்று பதிந்துகொள்ள முடியாது. ஓர்தான்ஸின் கணவர் 1810-இல் முடியைத் துறந்து ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரில் போய் உட்கார்ந்துவிட்டார். மனைவி பக்கமே வரவில்லை. கணவன் பேரில் எழுதினால் ஊர் சிரிக்கும், அதைவிட முக்கியமாகப் பேரரசர் குடும்பத்தில் ஒரு பொய் வாரிசு நுழையும். ஃப்ளாஓ பேரில் எழுதச் சட்டம் விடாது. தாய் பேரை மட்டும் எழுதினால் குட்டு உடையும். மிச்சம் ஒரே வழி: முழுக்க வேறொரு தம்பதியின் பிள்ளையாக எழுதுவது.

அப்படித்தான் எழுதினார்கள். பிரசவம் 1811 செப்டம்பரில், சுவிட்சர்லாந்தில் என்பது பெரும்பாலோர் ஏற்ற செய்தி. ஆனால் பாரிஸ் பதிவேட்டில் தேதி அக்டோபர் 21. பதிந்தது 22. பிறந்த மூன்று நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 55 சொல்வதால், சட்டத்தை ஏமாற்றும் பதிவிலும் சட்டத்தின் கெடுவை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார்கள். தகப்பன் நேரில் வர வேண்டியதில்லை, பிரசவம் பார்த்த மருத்துவரே தெரிவிக்கலாம் என்று அடுத்த பிரிவு இடம் கொடுக்கிறது, மருத்துவர்தான் வந்தார். தந்தை என்று எழுதப்பட்டவர் ஒகுஸ்த் தெமோர்னி, கரீபியனில் பிரான்சின் குடியேற்றமான சான்-தொமேங்கில் நிலம் வைத்திருந்தவராம். அந்தக் குடியேற்றம் 1804-இலேயே ஹெய்ட்டி என்று தனி நாடாகி, அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்களின் நிலமெல்லாம் போய்விட்டிருந்தது. போன நிலத்தின் சொந்தக்காரர் ஒருவர், இல்லாத மகனுக்குத் தகப்பனானார்.

இப்படி ஒரு பதிவு எவ்வளவு பலமானது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பிரிவு 322-இன்படி, பிறப்புப் பதிவும் அதற்கு ஒத்த குடும்ப வாழ்க்கையும் சேர்ந்திருந்தால் அந்த ஆளின் பிறப்பை யாரும் எதிர்த்து வழக்காட முடியாது. அவரே நினைத்தாலும் வேறு பிறப்பைக் கோர முடியாது. மோர்னியிடம் பதிவு இருந்தது, அந்தத் தெமோர்னிகளோடு வாழ்ந்த வாழ்க்கை இல்லை. ஃப்ளாஓவின் தாய், நாவலாசிரியை மதாம் தெ சூஸா, அவரைத் தன் வீட்டில் வளர்த்தார். பேருக்குத் தகப்பனான மனிதர் 1814-இல் இறந்துபோனார். அதன்பின் இந்தக் காகிதத்தைத் தோண்டிப் பார்க்க யாருக்கும் தேவை வரவில்லை, அவ்வளவுதான். பிறகு பையன் தெமோர்னி என்பதை இரண்டாக உடைத்து ‘தெ மோர்னி’ ஆக்கிக்கொண்டார். கொஞ்ச நாளில் பிரபுப் பட்டமும் தானாக ஒட்டிக்கொண்டது. உள்ளே தோண்டினால் நிற்காது, தோண்டாதவரை அசையாது. அப்படிப்பட்ட ஒரு காகிதத்தின் மேல் இவருடைய பேர், பட்டம், பின்னால் வந்த டியூக் பதவி எல்லாம் நின்றன.

கிழங்கு அழுகும் வேகம்

இளமையில் பட்டாளம். அல்ஜீரியாவில் 1836-இல் கான்ஸ்தாந்தீன் கோட்டை முற்றுகையில் தளபதி திரெஸெலின் உயிரைக் காப்பாற்றிப் பதக்கம் வாங்கினார். அதோடு பட்டாளத்தை விட்டார். பெல்ஜியத் தூதர் லெ ஓனின் மனைவி ஃபன்னி, பெரிய வங்கியாளர் வீட்டுப் பெண், அவருக்குத் துணையும் முதலும் ஆனார். அந்தப் பணத்தோடு கிளெர்மோன்-ஃபெரான் பக்கத்தில் பூர்தோன் என்ற இடத்தில் இருந்த பீட்ரூட் சர்க்கரை ஆலையை வாங்கினார். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த ஆலையை ஒரு வரியில் கடந்து சலூன்களுக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் ஓடிவிடுவார்கள். என் கணக்கில் மோர்னி அரசியல் படித்தது இங்கேதான்.

அந்தக் காலத்து ஆலை இப்படி ஓடும். இலையுதிர் காலத்தில் தோண்டிய வெள்ளைக் கிழங்கை உருளையில் போட்டு மண் போகக் கழுவ வேண்டும். பிறகு ரம்பப் பற்கள் பதித்த உருளையில் துருவிக் கூழாக்க வேண்டும். கூழைக் கம்பளிப் பைகளில் கட்டி, பைக்குப் பை தட்டு வைத்து அடுக்கி, நீரழுத்த எந்திரத்தில் பிழிந்தால் சாறு வரும். சாற்றில் சுண்ணாம்பு போட்டுச் சூடாக்கினால் கசடு நுரையாக மேலே வரும். அதை எடுத்துவிட்டு எலும்புக்கரியில் வடிகட்டி, காய்ச்சி, அச்சில் ஊற்றி உறைய விட வேண்டும். 100 கிலோ கிழங்குக்கு 5 கிலோ சர்க்கரை வந்தால் அன்றைக்கு நல்ல ஆலை. இதில் ஆளைக் கவிழ்ப்பது நேரம். துருவிய கூழ் சில மணி நேரம் நின்றாலே புளிக்கும். குழியில் மூடி வைத்த கிழங்கு உறைபனியில் உறைந்து, பிறகு இளகினால் அழுகத் தொடங்கும்; அதிலுள்ள சர்க்கரை மாறிப்போய், எவ்வளவு காய்ச்சினாலும் மணியாக உறையாது, பாகாகவே நிற்கும். அக்டோபரில் தொடங்கினால் குளிர்காலம் முடிவதற்குள் மொத்தக் கிழங்கையும் அரைத்தாக வேண்டும். மிச்ச மாதங்களில் கொப்பரையும் எந்திரமும் சும்மா நிற்கும், கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். பூட்டிவிட்டு வேறு தொழிலுக்குப் போகலாமென்றால் அந்த எந்திரம் வேறெதற்கும் ஆகாது.

இப்படி முதல் முடங்கும் தொழிலில் சட்டம் மாறினால் என்ன ஆகும் என்பதை மோர்னி நேரில் பார்த்தார். அதுவரை பீட்ரூட் சர்க்கரைக்கு வரி கிடையாது. கடல் கடந்து வரும் கரும்புச் சர்க்கரைக்குத்தான் வரி. 1837 ஜூலையில் போட்ட சட்டம் 100 கிலோவுக்கு முதலில் 10 ஃப்ராங்க், ஓராண்டில் 15 ஃப்ராங்க் என்று வரி வைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள் மூடிக்கொண்டன. 1840-இல் வரி 25 ஆனது. மோர்னி ஆலைக்காரர்களின் பிரதிநிதியாகி, சர்க்கரைப் பிரச்சினை பற்றிச் சிறுநூல் எழுதி, அந்தப் புகழில் 1842-இல் கிளெர்மோன் தொகுதியில் ஜெயித்தார். அடுத்த ஆண்டே அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது: பீட்ரூட் ஆலைகளையே தடைசெய்துவிடலாம், உரிமையாளர்களுக்கு 4 கோடி ஃப்ராங்க் நட்ட ஈடு கொடுக்கலாம் என்று. அது தோற்றது, அதற்குப் பதில் இரண்டு சர்க்கரைக்கும் படிப்படியாக ஒரே வரி என்று முடிந்தது. ஒரு தொழிலையே ஒழிக்க நினைத்த அரசுகூட, எடுப்பதற்கு விலை கொடுத்தாக வேண்டும் என்பதை 1843-இல் ஒப்புக்கொண்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு 1852-க்கு வாருங்கள்.

ஓர் இரவின் வேலை

லூயி நெப்போலியன் ஓர்தான்ஸின் மகன். மோர்னிக்கு மூன்று வயது மூத்த அண்ணன், தாய் ஒன்று தந்தை வேறு. அவர் 1848 டிசம்பரில் ஜனாதிபதியான பிறகுதான், மறு ஆண்டின் தொடக்கத்தில், இருவரும் சந்தித்தார்கள். பெரிய பாசமெல்லாம் இல்லை. ஜனாதிபதி இரண்டாம் முறை நிற்கக் கூடாது என்பது அரசியல் சட்டம். திருத்தம் வேண்டுமென்றால் அவையில் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். 1851 ஜூலையில் அது கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு மிச்சமிருந்த வழிக்கு ஏற்ற ஆள் மோர்னி.

டிசம்பர் 1 இரவு எலிசே மாளிகையில் வழக்கமான விருந்து. மோர்னி ஒப்பேரா கொமிக் அரங்கில் போய் எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருந்தார். அவையைப் பெருக்கித் தள்ளப்போகிறார்களாமே, நீங்கள் எந்தப் பக்கம் என்று ஒரு சீமாட்டி கேட்டதற்கு, துடைப்பத்தின் கைப்பிடிப் பக்கம் இருக்கப் பார்ப்பேன் என்று சொன்னதாகக் கதை. விருந்தினர் போனபின் எலிசேயில் கூடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்: ஜனாதிபதி, செயலாளர் மொக்கார், போர் அமைச்சர் சான்-தார்னோ, போலீஸ் தலைவர் மொப்பா, மோர்னி. திட்டம் இருந்த கோப்பின் மேல் ‘ரூபிகோன்’ என்று எழுதியிருந்தது; சீஸர் படையோடு கடந்து ஆட்சியைப் பிடிக்கப் போன ஆற்றின் பேர்.

சுவரொட்டிகளை அரசு அச்சகத்தில் அன்றிரவே அடிக்க வேண்டும்; அச்சுக்கோப்பவர்கள் படித்துவிட்டால் விடிவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் கையெழுத்துப் பிரதியைத் துண்டு துண்டாக வெட்டி, ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்தார்கள். யாருக்கும் முழு வாக்கியம் கிடைக்காது. போலீஸ்காரர்களின் காவலில் கோத்தார்கள். தேசியக் காவற்படை பறையடித்துக் கூடும் வழக்கம் உண்டு. பறைகளின் தோலைக் கிழித்து வைத்தார்கள். கோயில் மணிக்கூண்டுகளுக்கும் காவல் போட்டார்கள். விடியுமுன் முன்னாள் பிரதமர் தியேர், தளபதிகள் கவெஞ்ஞாக், ஷாங்கார்னியே உட்பட 70-க்கும் மேற்பட்டவர்களை ஒரே நேரத்தில் பிடித்தார்கள். மீதி உறுப்பினர்களில் 200-க்கும் மேற்பட்டவர்கள் பத்தாம் வட்ட நகர மன்றத்தில் கூடி ஜனாதிபதியைப் பதவி நீக்கித் தீர்மானம் போட்டார்கள். பட்டாளம் வந்து அவர்களையும் அழைத்துப்போனது. அரசியல் சிந்தனையாளர் தொக்வில் அவர்களில் ஒருவர்.

மோர்னியின் சொந்தக் கைவேலை அடுத்த இரண்டு நாளில் தெரிகிறது. 1830-இலும் 1848 பிப்ரவரியிலும் அரசுகள் விழுந்ததற்கு அவர் கண்ட காரணம் ஒன்று: சிப்பாய்களைச் சின்னச் சின்னக் கூட்டமாகத் தெருவெங்கும் நிறுத்திவைத்தது. சோறில்லாமல், தூக்கமில்லாமல், ஜனங்களோடு பேசிப் பேசி அவர்கள் கரைந்துபோனார்கள். அதனால் தளபதி மாஞானுக்கு அவர் சொன்னது நேர்மாறு. தெருத் தெருவாகப் போலீஸ் வேலை பார்க்காதீர்கள். படையை முகாமுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். தடுப்பரண் எழுப்பட்டும், பிறகு ஒரே அடியாக இறங்குங்கள். டிசம்பர் 3-ஆம் தேதி தொழிலாளர் பேட்டையில் உறுப்பினர் போதேன் சுடப்பட்டு இறந்தார்; தடுப்பரண்கள் பெருகின. 4-ஆம் தேதி பிற்பகல் சுமார் 30,000 சிப்பாய்கள் இறங்கினார்கள். பூல்வார் என்ற அகன்ற சாலைகளில், தடுப்பரணே இல்லாத இடத்தில், நடைபாதையிலும் சன்னல்களிலும் நின்றவர்கள் மீது குண்டு பாய்ந்தது. அரசு ஒப்புக்கொண்ட சாவு எண்ணிக்கை 380. நாடு முழுவதும் சுமார் 27,000 பேரைப் பிடித்தார்கள். அந்த இரத்தத்தில் மோர்னியின் பங்கை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை, திட்டம் அவருடையது.

டிசம்பர் 20, 21-இல் நடந்த பொது வாக்கெடுப்பில் ‘ஆம்’ சுமார் 74 இலட்சம், ‘இல்லை’ சுமார் ஆறரை இலட்சம். இன்னொரு வாக்கெடுப்பு பங்குச் சந்தையில் நடந்தது. கவிழ்ப்புக்கு முன் 91 ஃப்ராங்க் அளவில் விற்ற 5 சதவீத அரசுக் கடன் பத்திரம் அந்த மாதம் முடிவதற்குள் 100-ஐத் தாண்டியது. மோர்னி மதித்த வாக்கு இதுதான் என்று நினைக்கிறேன். ஜனவரியில் மாவட்ட அதிகாரிகளுக்கு அவர் அனுப்பிய சுற்றறிக்கையிலும் இதே புத்தி: வேட்பாளராக அரசியல்வாதியைத் தேடாதீர்கள், உழைத்தும் தொழில் செய்தும் விவசாயம் பார்த்தும் சொத்து சேர்த்தவரைத் தேடுங்கள்.

ஜனவரி 22

பிறகுதான் அந்த ஆணைகள். இரண்டு. முதலாவது, ஓர்லெயான் குடும்பத்தார் பிரான்சில் உள்ள சொத்துகளை ஓராண்டுக்குள் விற்றுவிட வேண்டும் என்றது. இதில் புதுமை இல்லை. 1832-இல் ஓர்லெயான் வம்ச அரசர் லூயி ஃபிலிப்பின் ஆட்சியே நெப்போலியன் குடும்பமான போனபார்த்துகளுக்கு இதே சட்டம் போட்டிருந்தது. விற்ற காசு விற்றவருக்குத்தான். பழிக்குப் பழி என்று முடித்துவிடலாம்.

இரண்டாவதுதான் விஷயம். 1830 ஆகஸ்ட் 7 அன்று, லூயி ஃபிலிப்பை அரியணைக்கு அழைத்து அவை வாக்களித்த அதே நாளில், அவர் ஒரு நோட்டரி முன் கையெழுத்துப் போட்டார். தன் சொந்தச் சொத்துகளை, பட்டத்துக்கு வரப்போகும் மூத்த மகனை மட்டும் விட்டுவிட்டு, மற்றப் பிள்ளைகளுக்குத் தானமாக எழுதினார். ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். நம் ஊர் பத்திர ஆபீஸ் வராந்தாவில் தினமும் பார்க்கிற தான செட்டில்மெண்ட்தான், ஆயுள் அனுபவ பாத்தியதையோடு. ஏன் அந்த அவசரம்? பழைய முடியாட்சி மரபில், இளவரசன் அரசனாகும் கணத்தில் அவன் சொந்தச் சொத்து நாட்டுச் சொத்தோடு கலந்துவிடும். 9-ஆம் தேதி அவர் முடி ஏற்றார். இரண்டு நாள் முன்பு எழுதிவிட்டதால் கலப்பதற்குச் சொத்தே இல்லை. 1832-இல் அவை இந்த ஏற்பாட்டை ஏற்று அரசருக்குத் தனிச் சொத்து இருக்கலாம் என்று சட்டமும் செய்தது.

1852-இன் ஆணை இந்த 22 ஆண்டுப் பத்திரத்தைக் கையில் எடுத்து, இது நாட்டை ஏமாற்ற எழுதியது, செல்லாது, சொத்து அரசுடையது என்றது. நீதிமன்றம் இல்லை, விசாரணை இல்லை, ஈடு இல்லை. இவ்வளவு போனாலும் அவர்களிடம் இன்னும் 10 கோடிக்கு மேல் மிஞ்சும், வெளிநாட்டில் கௌரவமாக இருக்கலாம் என்று ஒரு சமாதானம் வேறு. வரும் பணத்துக்குப் பட்டியலும் தயார்: பரஸ்பர உதவிச் சங்கங்களுக்கு 1 கோடி ஃப்ராங்க், தொழிலாளர் வீடுகளுக்கு 1 கோடி, நிலக்கடன் வங்கிகளுக்கு 1 கோடி, ஏழைப் பாதிரியார்களின் ஓய்வூதியத்துக்கு 50 இலட்சம், மிச்சம் லெஜியோன் தொனேர் விருதுக்கும் புதிதாக உண்டாக்கிய இராணுவப் பதக்கத்துக்கும். படிக்க அழகான பட்டியல். எதிர்ப்பவன் ஏழைக்கு விரோதி ஆகிவிடுவான்.

மோர்னியோடு நிதித் துறை ஃபூல், நீதித் துறை ரூஏர், பொதுப்பணித் துறை மாஞ் மூவரும் விலகினார்கள். வெளியே, லூயி ஃபிலிப்பின் உயிலை நிறைவேற்றப் பொறுப்பேற்றிருந்த துப்பேன் தலைமை அரசு வழக்கறிஞர் பதவியை விட்டார். டிசம்பர் கவிழ்ப்பை ஆதரித்த மோந்தலாம்பேர் ஆலோசனைக் குழுவிலிருந்து வெளியேறினார். இந்தப் பெயர்களைக் கவனித்தால் ஓர்லெயான் பக்தர்களின் கூட்டமாகத் தெரியாது. ஃபூல் வங்கியாளர். ரூஏர் வக்கீல். கவிழ்ப்பின் வன்முறையை விழுங்கிய இவர்களுக்கு இது மட்டும் தொண்டையில் சிக்கியது.

எதிர்க் காரணங்களையும் சொல்லிவிட வேண்டும். அதே ஜனவரி 22 அன்று போலீஸ் துறையை உள்துறையிலிருந்து பிரித்துத் தனி அமைச்சகமாக்கி மொப்பாவுக்குக் கொடுத்தார்கள். உள்துறையின் பாதி பல்லைப் பிடுங்கியது போலத்தான். மோர்னியின் பரம எதிரி பெர்சிஞி அவர் இடத்துக்குக் காத்திருந்தார், வந்தும் உட்கார்ந்தார். அதைவிட, தம்பி என்ற உறவை மோர்னி ஊரறியக் காட்டிக்கொள்வது ஜனாதிபதிக்குப் பிடிக்கவில்லை. பிரெஞ்சில் தாயின் பெயரை ஒட்டி ‘ஓர்தான்ஸியா’ எனப்படும் ஹைட்ரேஞ்சியா பூவை அவர் தன் அடையாளமாக்கிக்கொண்டது அண்ணனுக்கு முள்ளாக இருந்தது. தந்தை ஃப்ளாஓவும் அருகில் இருந்தார். டிசம்பர் 2 அன்று ஜனாதிபதியின் குதிரை ஊர்வலத்தில் போன ஃப்ளாஓ, லூயி ஃபிலிப் காலத்தில் வியன்னாவில் தூதராக இருந்தவர். போகவேண்டிய நேரத்தில் கௌரவமான காரணம் கிடைத்தது, பிடித்துக்கொண்டார் என்று சொல்ல இத்தனையும் போதும். நானும் ஒரு பகுதி அப்படித்தான் என்று ஏற்பேன்.

ஆனால் கௌரவமான காரணமாக இதை ஏன் எடுத்தார்? இந்த ஆணை நடைமுறையில் சொன்னது இது: ஒழுங்காக எழுதி, பதிந்து, அவை ஏற்று, 22 ஆண்டு அனுபவத்தில் இருந்த பத்திரத்தையும், எழுதியவனின் உள்நோக்கம் சரியில்லை என்று அரசு நினைத்தால் கிழிக்கலாம். 1830-இல் எழுதியதற்கு இந்த விதி என்றால், புரட்சிக் காலத்தில் கோயில் நிலத்தையும் ஓடிப்போன பிரபுக்களின் நிலத்தையும் ஏலத்தில் எடுத்த இலட்சக்கணக்கான குடும்பங்களின் பத்திரம் என்ன ஆகும்? அந்தக் குடும்பங்கள்தான் டிசம்பரில் ‘ஆம்’ போட்டவை. 91-லிருந்து 100-க்கு ஏறிய கடன் பத்திரமும் அவர்கள் பெட்டியில்தான். 1843-இல் கிழங்கு ஆலைக்கு ஈடு பேசிய அரசின் நினைவு உள்ள ஒரு ஆலைக்காரருக்கு இது கண்ணில் படாமல் போயிருக்காது. கவிழ்ப்பு எதற்காக என்று அவரைக் கேட்டிருந்தால், சொத்துள்ளவன் நிம்மதியாகத் தூங்க என்றுதான் சொல்லியிருப்பார். முதல் மாதத்திலேயே அந்தத் தூக்கத்தைக் கெடுக்கிறார் அண்ணன்.

அதற்கும் கீழே ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது, தோன்றுவதைச் சொல்கிறேன். 1830 ஆகஸ்ட் 7-இன் பத்திரமும் 1811 அக்டோபர் 22-இன் பதிவும் ஒரே ஜாதி. இரண்டும் ஒரு சட்ட விதி வந்து விழுவதற்குள் முந்திக்கொண்டு, எல்லாச் சடங்கையும் சரியாகச் செய்து, உண்மையை வேறு பக்கம் திருப்பிய காகிதங்கள். ஒன்றின் உள்நோக்கத்தைத் தோண்டலாம் என்றால் மற்றதையும் தோண்டலாம். ‘தெ மோர்னி’ என்று கையெழுத்துப் போட்டு அமைச்சராக இருந்தவருக்கு, உள்நோக்கத்தைப் பார்த்துக் காகிதத்தைச் செல்லாதாக்கும் ஆணையின் கீழே அமைச்சராக உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும்?

பிறகு

விலகல் யாரையும் அழித்துவிடவில்லை. ஃபூலும் மாஞும் அந்தக் கோடையிலேயே அமைச்சரவைக்குத் திரும்பினார்கள். ரூஏருக்குச் சில நாளிலேயே அரசு ஆலோசனை மன்றத்தில் பதவி கிடைத்தது. மோர்னிதான் அதிக நாள் காத்திருந்தார். 1854 நவம்பரில் கீழவையின் தலைவரானார், சாகும்வரை இருந்தார். 1856-இல் ஜார் மன்னரின் முடிசூட்டுக்குத் தூதராகப் போய், மறு ஆண்டு சோஃபியா த்ருபெத்ஸ்காயா என்ற இளவரசியை மணந்து வந்தார். ஃபன்னி லெ ஓன் சும்மா விடவில்லை. தன் பணத்தில் தொடங்கிய வியாபாரத்துக்கெல்லாம் கணக்குக் கேட்டார். அவர் பக்கம் நின்று பேசியது ரூஏர். பெருந்தொகை கைமாறி முடிந்தது. மோர்னிக்கும் ரூஏருக்கும் அதோடு ஆகவில்லை.

என் வாதத்துக்கு நேர் எதிராக நிற்பது மெக்சிகோ. ஜெக்கர் என்ற சுவிஸ் வங்கியாளர், விழப்போகும் ஒரு மெக்சிகோ அரசிடம் சொற்ப ரொக்கம் கொடுத்து, பேருக்கு ஏழரைக் கோடி ஃப்ராங்க் மதிப்புள்ள கடன் பத்திரம் எழுதி வாங்கினார். அடுத்து வந்த ஹுவாரெஸ் அரசு தர மறுத்தது. பிரான்சின் கோரிக்கைப் பட்டியலில் அந்தத் தொகை ஏறியது. இலாபத்தில் 30 சதவீதம் மோர்னிக்கு என்று ஏற்பாடு. இது 1870-இல் பேரரசு விழுந்தபின் வெளிவந்த ஜெக்கரின் கடிதத்தில் இருக்கிறது. அயோக்கியத்தனம், சந்தேகமில்லை. ஆனால் எந்த வகை என்று பாருங்கள். எழுதிய பத்திரம் எழுதியதுதான், எழுத வைத்த விதத்தைக் கேட்காதே, காசை எடு என்பது ஜெக்கரின் கோரிக்கை. 1852 ஜனவரியில் மோர்னி எந்தப் பக்கம் நின்றாரோ, மெக்சிகோவிலும் அதே பக்கம்தான். நேர்மையானவர் என்று நான் சொல்லவரவில்லை, மாறாதவர் என்கிறேன்.

1862-இல் டியூக் ஆனார். தொவில் சதுப்பை மனை போட்டுக் கடற்கரை நகரமாக்கினார். 1863-இன் முதல் கிராங் பிரி குதிரைப் பந்தயத்துக்குப் பாரிஸ் நகராட்சியிடம் 50,000, ஐந்து இரயில் கம்பெனிகளிடம் தலா 10,000 என்று பேசி 1,00,000 ஃப்ராங்க் பரிசு சேர்த்தார். 1865 மார்ச் 10 அன்று, 53 வயதில் இறந்தார். சில வாரங்களில் அவருடைய ஓவியங்களை ஏலம் போட்டார்கள். ஃப்ரகோனாரின் ‘ஊஞ்சல்’ அப்படித்தான் ஓர் ஆங்கிலேயப் பிரபு கைக்குப் போய் இன்று இலண்டனில் தொங்குகிறது. விதவை ஸ்பெயின் பிரபு ஒருவரை மணந்தார். மூத்த மகன் வெனிசுவேலா ஜனாதிபதியின் மகளைக் கட்டினார். கடைசி மகள் மத்தீல்து ஆண் உடை உடுத்தி வாழ்ந்து, 1907-இல் மூலான் ரூஜ் மேடையில் எழுத்தாளர் கொலெத்தை முத்தமிட்டுக் கலவரம் உண்டாக்கினார். தந்தை ஃப்ளாஓ மகனைவிட ஐந்து ஆண்டு அதிகம் இருந்தார். 1864-இல் அவருக்குக் கொடுத்த பதவி லெஜியோன் தொனேரின் தலைமை; ஓர்லெயான் சொத்தின் மிச்சம் போய்ச் சேர்ந்ததாக ஆணையில் எழுதியிருந்த அதே நிறுவனம். அவர் மறுக்கவில்லை.

சொத்தின் கதை இளவரசர்கள் போட்ட வழக்கோடு தொடர்ந்தது. பாரிஸ் நீதிமன்றம், விசாரிக்க எனக்கு அதிகாரம் உண்டு என்றது. அரசு வழக்கைப் பிடுங்கித் தன் ஆலோசனை மன்றத்துக்குக் கொண்டுபோய்ச் சாதகமான தீர்ப்பு வாங்கியது. அங்கும் அரசுக்காக வாதாட மறுத்த அதிகாரிகளுக்கு வேலை போனது. பறித்த சொத்தில் ஒன்றான, பாரிஸில் இருந்த மோன்சோ நிலத்தின் ஒரு பகுதி நகராட்சிப் பூங்காவாகி 1861-இல் திறந்தது. இன்னொரு பகுதியை வங்கியாளர்களான பெரெய்ர் சகோதரர்கள் வாங்கி, மனை பிரித்துப் பணக்காரர்களுக்கு விற்றார்கள். பேரரசு விழுந்தபின், 1872 டிசம்பர் 21 அன்று தேசிய அவை ஒரு சட்டம் செய்தது. விற்காமல் அரசிடம் மிஞ்சியிருந்த சொத்து ஓர்லெயான் குடும்பத்துக்குத் திரும்பும். விற்றது விற்றதுதான், வாங்கியவர்களின் பத்திரத்தில் கை வைப்பதில்லை.